கேட்டுப் பெறும் தலைமை

நுழையும்முன்

பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டுகளிலும் படைத்தலைவர், கப்பல் தலைவர் முதலிய பதவிகள் உண்டு. அவற்றுள் சில, விரும்பியவர் எவரும் உடனே எடுத்துக்கொள்ள இயலாதவை. எழுத்து வடிவில் விண்ணப்பித்து, உடன் ஆடுவோரின் ஆய்வுக்கு உட்பட்ட பின்னரே அவை கிடைக்கும். ஊதியமோ பரிசோ இல்லாத கற்பனைப் பதவி ஒன்றுக்கு இத்துணைக் கட்டுப்பாடு ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

போர்ப்பலகையிலிருந்து திரைக்கு

படை நடத்தும் கலையை விளையாட்டின் வழியே பயிற்றுவிக்கும் முயற்சி ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய போர்விளையாட்டைச் செம்மைப்படுத்தி 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். கிரீக்ஸ்ஸ்பீல் என்பது அதன் பெயர். நிலவரைபடத்தின்மீது படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகளை நகர்த்தி ஆடும் இவ்விளையாட்டில் நடுவருக்கு முதன்மையான இடம் இருந்தது. ஆடுவோர் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் அளிப்பர். எதிரிப் படையைப் பற்றி, தம் வீரர்களின் கண்ணுக்கு எட்டக்கூடிய செய்தியை மட்டுமே நடுவர் அவர்களுக்கு அறிவிப்பார். முழுக்களத்தையும் காணாமல், வந்துசேரும் செய்திகளை நம்பி முடிவெடுக்க வேண்டிய இடர்ப்பாட்டை அதிகாரிகள் அறைக்குள் அமர்ந்தவாறே உணர்ந்தனர்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு இப்போர்விளையாட்டு மரபிலிருந்து கிளைத்தது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. இதில் ஆடுபவர் ஒரு மாந்தராகவே மாறுகிறார்; அவரைப்போலப் பேசுகிறார்; அவருக்குத் தெரிந்ததை மட்டும் கொண்டு செயல்படுகிறார். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978இல் தொடங்கி, ரிச்சர்டு பார்டில் வளர்த்தெடுத்த மட் என்னும் விளையாட்டு, பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகில் கணினி வழியே உலவ வகைசெய்தது. அங்கே மேசை இல்லை. நேருக்குநேர் முகமும் இல்லை. ஒருவர் எத்தகையவர் என்பதை அவருடைய சொல்லும் செயலுமே காட்டின.

அவ்வழியில் வந்தவற்றுள் ஒன்று, பையாண்ட் என்னும் தளத்தில் 2003இல் தோன்றிய ஸ்பேஸ் ஸ்டேஷன் 13. மேலிருந்து நோக்கும் எளிய சதுரக் கட்டப் படங்களால் ஆனது அது. ஆயினும் அதில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு. மருத்துவர், பொறியாளர், சமையற்காரர், காவலர் எனப் பலரும் ஒரு நிலையத்தில் வாழ்வதுபோல் ஆடுவர். இதன் பல வடிவங்களைத் தன்னார்வலர் குழுக்கள் நடத்திவருகின்றன. கட்டளை அதிகாரி பதவிக்கு விண்ணப்ப முறை வகுத்திருப்பது அவ்வடிவங்களுள் ஒன்றான காலனியல் மரைன்ஸ்.

கப்பலும் களமும்

ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 1986இல் வெளியான ஏலியன்ஸ் திரைப்படத்தின் உலகை அடியொற்றியது காலனியல் மரைன்ஸ். ஆல்மேயர் என்னும் போர்க்கப்பலுக்குத் தொலைதூரக் கோளிலுள்ள குடியேற்றம் ஒன்றிலிருந்து ஆபத்துக் குறிப்பு கிடைக்கிறது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்னும் நான்கு குழுக்களாகப் பிரிந்த வீரர்கள் இறங்குகலங்களில் ஏறித் தரையிறங்குகின்றனர். அங்கே காத்திருக்கும் வேற்றுலக உயிரிகளையும் மனிதர்களே இயக்குகின்றனர். ஆகவே, இருபுறமும் சிந்திக்கும் எதிரிகள்.

கப்பலில் எஞ்சியிருப்போரின் பணியும் சிறிதன்று. மருத்துவர்கள் காயமுற்றோரை ஏற்கின்றனர். வழங்கற்பிரிவினர் வெடிபொருளும் கருவியும் அனுப்புகின்றனர். வானோடிகள் இறங்குகலத்தைச் செலுத்துகின்றனர். இவர்கள் அனைவரையும் இணைப்பது கட்டளை மையம். அதன் தலைமை இருக்கையில் அமர்பவரே கட்டளை அதிகாரி. வானொலியில் ஒரே நேரத்தில் பல குரல்கள் கேட்கும். ஒரு குழு முன்னேறிவிட்டதாகக் கூறும். மற்றொன்று சூழப்பட்டதாகக் கூறும். கப்பலின் பெரும்பீரங்கியால் கோளின்மீது தாக்குமாறு ஒரு குழுத்தலைவர் வேண்டுவார். அவர் தரும் இடக்குறிப்பில் சிறு பிழை நேரினும் குண்டு தம் வீரர்கள்மீதே விழும். கிரீக்ஸ்ஸ்பீல் நடுவர் தந்த அரைகுறைச் செய்திகளுக்கும் இக்குரல்களுக்கும் வேறுபாடு அதிகமில்லை.

> தெரியுமா?
> முதல் ஏலியன் திரைப்படத்தின் கப்பல் நொஸ்ட்ரோமோ. ஏலியன்ஸ் திரைப்படத்தின் கப்பல் சுலாக்கோ. முன்னது ஜோசப் கான்ராடு எழுதிய ஒரு புதினத்தின் பெயர்; பின்னது அப்புதினத்தில் வரும் ஊரின் பெயர். ஆல்மேயர் என்பதும் கான்ராடின் முதல் புதினத்தின் தலைப்பில் இடம்பெற்ற பெயரே.

விண்ணப்பம் ஏன்?

ஏலியன்ஸ் திரைப்படத்திலேயே இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. அதில் படைக்குத் தலைமை ஏற்பவர் கார்மன் என்னும் இளம் லெப்டினன்ட். பயிற்சிக்கூடத்தில் 38 முறை தரையிறங்கியவர். உண்மைக் களத்திலோ அப்பயணத்தையும் சேர்த்து இரண்டே முறை. கவச ஊர்தியினுள் அமர்ந்து, வீரர்களின் தலைக்கவசப் படக்கருவிகள் காட்டும் காட்சிகளைப் பார்த்தவாறே அவர் ஆணையிடுகிறார். தாக்குதல் தொடங்கியதும் திரைகள் ஒவ்வொன்றாய் அணைகின்றன. அவர் செயலற்றுப் போகிறார். படையைச் சேராத ரிப்லி என்னும் பெண்ணே ஊர்தியைச் செலுத்திச் சென்று எஞ்சியோரை மீட்கிறாள். கார்மன் தீயவர் அல்லர். தகுதிக்குரிய சின்னங்களும் அவரிடம் இருந்தன. குரல்கள் குழம்பும் வேளையில் நிலைகொள்ளும் பழக்கம் மட்டும் இல்லை.

திரைப்படத்தில் மடிவோர் கதைமாந்தர். விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்குப் பின்னும் ஓர் உயிருள்ள மனிதர் இருக்கிறார். ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளக்கூடும். ஒருவருடைய பாத்திரம் மடிந்தால் அவர் பெரும்பாலும் பார்வையாளராகவே காத்திருக்க நேரும். கல்லூரியிலிருந்தோ பணியிலிருந்தோ களைத்து வந்து, கிடைத்த ஓய்வுப் பொழுதை அவர் அங்கே செலவிடுகிறார். அப்பொழுது அவருக்குத் திரும்பக் கிடைக்காது. தலைமை இருக்கையில் இருப்பவர் பாதியில் எழுந்து சென்றாலும், எல்லாரையும் ஏளனம் செய்தாலும், பொழுது வீணாவது அவருக்கு மட்டுமன்று. ஒரு கப்பல் முழுமைக்கும்.

மேலும் ஓர் அதிகாரம் கட்டளை அதிகாரியிடம் உள்ளது. குற்றமிழைத்த வீரரை மன்னிக்கவும், கடுங்குற்றத்துக்குக் களத்திலேயே மரணதண்டனை அளிக்கவும் விளையாட்டின் சட்டம் அவருக்கு இடமளிக்கிறது. தண்டனைக்கு உள்ளாகும் பாத்திரத்தை இயக்குபவர் அந்தச் சுற்றில் தம் இடத்தை இழக்கிறார். சினத்தால் ஒருவரை வெளியேற்றும் வாய்ப்பு இது. எனவேதான் பிற பதவிகளைப் போல இதனை எவரும் எடுத்துக்கொள்ள விடாமல், விண்ணப்பித்து ஏற்கப்பட்டோருக்கு மட்டும் உரியதாக்கியுள்ளனர். ஏற்கப்பட்டோர் எவரும் இல்லாத சுற்றில் துணைக் கட்டளை அதிகாரி கப்பலை நடத்துகிறார்.

விண்ணப்பம் சொல்லும் செய்தி

விண்ணப்பத்தில் முதலில் நோக்கப்படுவது கடந்த காலம். குழுத்தலைவராக, கட்டளை மையத்தின் பணியாளராக, துணைக் கட்டளை அதிகாரியாக ஒருவர் எவ்வளவு காலம் ஆடியுள்ளார் என்பது ஆராயப்படுகிறது. ஆணையைப் பெறும் இடத்தில் நின்றவருக்கே தெளிவற்ற ஆணையின் துன்பம் தெரியும். 'முன்னேறுக' என்னும் ஒற்றைச்சொல், எத்திசையில், யாருடன், எதுவரை என்று அறியாத வீரருக்கு ஆணையாகாது. விதிகளை மீறியதற்காகப் பெற்ற தண்டனைகளும் இங்கே மறைக்க இயலாதவை. பழைய பிழையை மறைப்பவரைக் காட்டிலும் அதனைச் சொல்லி, அதற்குப்பின் தம் நடத்தையில் நேர்ந்த மாற்றத்தையும் காட்டுபவர் நம்பிக்கைக்கு உரியவராகிறார்.

அடுத்தது பாத்திரத்தின் வாழ்க்கை வரலாறு. புதிதாக எழுதுவோர் பலரும் தம் பாத்திரத்தை ஒப்பற்ற வீரராகவே படைக்க விரும்புவர். அவர் தோற்றதில்லை, அஞ்சியதில்லை, எல்லாரும் அவரை வியந்தனர் என எழுதுவர். இத்தகைய பாத்திரத்துடன் பிறர் சேர்ந்து ஆட இடமில்லை. துணை அதிகாரியின் எச்சரிக்கையைக் கேட்டு மனம் மாறவும், தோல்விக்குப் பொறுப்பேற்கவும் கூடிய பாத்திரமே சுற்றியிருப்போருக்கும் நடிக்க வாய்ப்பளிக்கும்.

மூன்றாவது, சூழல் வினாக்கள். எடுத்துக்காட்டாக ஒரு சூழலைக் கருதலாம். பாலத்தைக் காக்குமாறு ஆணை பெற்ற குழுத்தலைவர், அருகில் சிக்கிக்கொண்ட வேறு குழுவினரை மீட்க அவ்விடத்தை விட்டு நீங்குகிறார். அறுவர் மீட்கப்படுகின்றனர், பாலமோ எதிரியின் வசமாகிறது. கட்டளை அதிகாரி என்ன செய்ய வேண்டும்? 'ஆணையை மீறினார், ஆகவே தண்டனை' என்பது விரைவான விடை. 'உயிர்களைக் காத்தார், ஆகவே பாராட்டு' என்பதும் அத்தகையதே. தேர்ந்த விடையோ பாலத்தின் நிலையை முதலில் நோக்கும். எஞ்சிய வழியை அடைக்க ஆளனுப்பும். குழுத்தலைவர் தம் முடிவை முன்கூட்டி வானொலியில் கூறினாரா, கூறியும் கட்டளை மையம் செவிகொடுக்கவில்லையா என்பதைக் கேட்டறியும். விசாரணையைப் போர் ஓய்ந்த வேளைக்கு ஒத்திவைக்கும். தண்டனை தேவையா என்பது அதன் பின்னரே எழும் வினா.

இவை அனைத்திலும் ஊடுருவி நிற்பது ஒரு விதி. ஆடுபவர் அறிந்தது வேறு. பாத்திரம் அறிந்தது வேறு. பல நூறு சுற்றுகள் ஆடியவருக்கு வேற்றுலக உயிரிகளின் இயல்பெல்லாம் தெரியும். ஆனால் அவருடைய பாத்திரம் அவற்றை அன்றுதான் எதிர்கொள்கிறது. வெளியறிவைக் களத்தினுள் கொணராமல் இருப்பதும், வெளிப்பகையைப் பாத்திரத்தின் வழியே தீர்த்துக்கொள்ளாமல் இருப்பதும் இவ்வாட்டத்தின் நேர்மை. வெல்லும் வழி தெரிந்திருந்தும் அதனைப் பயன்படுத்தாமல் விடும் மனக்கட்டுப்பாடு இதற்கு வேண்டும்.

உடனாடுவோர் கூறும் சான்று

விண்ணப்பம் பிறர் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அவருடன் ஆடியவர்கள் தம் கருத்தை எழுதுகின்றனர். கட்டளை அதிகாரி பதவியை முன்பே வகிப்போர் ஆராய்ந்து முடிவு கூறுகின்றனர். விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும், அவரிடம் மருத்துவ உதவி கேட்டு மறுமொழியே பெறாத புதியவரின் நினைவை அவ்வெழுத்து மாற்றிவிடாது. அவ்வாறே, நடை எளிதாயினும், 'அவர் நடத்திய சுற்றில் என் குழு தோற்றது. எனினும் எதற்காக அங்கு நின்றோம் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது' என்று ஒருவர் கூறினால் அது பெருஞ்சான்று.

இம்முறை குறையற்றது என்று கூறுவதற்கில்லை. பலருக்கும் அறிமுகமானவருக்கு ஆதரவு எளிதில் குவியலாம். அமைதியாகப் பணியாற்றுபவரின் பெயரைப் பலரும் கவனியாமல் விடலாம். பதவியிலிருப்போரே பதவிக்குரியோரைத் தேர்வதால், தம்மைப் போன்றவர்களையே அவர்கள் தேடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கருத்துகள் வெளிப்படையாக இருப்பதும், மறுப்புக்கான காரணம் எழுதப்படுவதும் இக்குறைகளை ஓரளவு குறைக்கின்றன. காரணத்துடன் வரும் மறுப்பு அடுத்த முயற்சிக்கு வழிகாட்டும்; காரணமற்ற மறுப்பு மனக்கசப்பை மட்டுமே விட்டுச்செல்லும்.

பதவிக்குப் பின்

ஒருவரை ஆராய்ந்து தேர்வதற்குத் 'தெரிந்து தெளிதல்' எனவும், தேர்ந்தவரைப் பணியில் ஈடுபடுத்துவதற்குத் 'தெரிந்து வினையாடல்' எனவும் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். தேர்வுடன் பணி முடிவதில்லை என்பது இவ்வைப்புமுறையால் விளங்கும். கட்டளை அதிகாரி பதவியும் நிலையானதன்று. தண்டனை அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவோர்மீது முறையீடு செய்யலாம். பதவி பறிபோகவும் கூடும்.

கட்டளை அதிகாரியின் வெற்றியைப் பகைவரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது எளிது. ஆயினும், சிறந்த தலைமை வாய்த்த சுற்றில் முதன்முறை ஆடவந்த வீரருக்கும் ஒரு பணி கிடைத்திருக்கும். அவர் வானொலியில் கூறிய செய்திக்கு மறுமொழி வந்திருக்கும். பின்வாங்கும் வேளையில் அவருக்காக இறங்குகலம் சிறிது நேரம் காத்திருக்கும். அந்தச் சில நொடிகளைத் தாமதிப்பதா, கலத்தை எழுப்பிப் பிறரைக் காப்பதா என்பதை முடிவுசெய்யும் கணத்துக்காகவே, விண்ணப்பத்தின் அத்தனை வினாக்களும் கேட்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பின் விளையாட்டு அணித்தலைவர் பொறுப்புக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக. அதில் உங்கள் திறமைகளுடன், நீங்கள் திருத்திக்கொண்ட பிழை ஒன்றையும் குறிப்பிடுக.
2. பாலத்தைக் காக்கும் பணியிலிருந்து நீங்கிய குழுத்தலைவரின் செயல் சரியா, தவறா? இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. கிரீக்ஸ்ஸ்பீல் விளையாட்டில் நடுவரின் பணி யாது?
2. ஆடுபவர் அறிந்ததும் பாத்திரம் அறிந்ததும் வேறு என்பதை விளக்குக.

சிறுவினா
1. கட்டளை அதிகாரியின் தண்டனை அதிகாரம், விண்ணப்ப முறைக்குக் காரணமாவது எங்ஙனம்?
2. ஒப்பற்ற வீரராகப் படைக்கப்படும் பாத்திரம் பிறர் ஆடுவதற்குத் தடையாவது ஏன்?

நெடுவினா
உடன் பணியாற்றுவோரின் சான்றைக் கொண்டு தலைமையைத் தேர்வதன் நிறைகுறைகளைப் பாடப்பகுதி வழி நின்று ஆராய்க.