தேனீப் பெட்டியை முதன்முறை பார்க்கச் செல்வோர் அறியவேண்டியவை

தேனீ வளர்க்கலாமே என்று நமது மிராசுதார்களிடம் சொல்லும்போதெல்லாம், எவ்வளவு தேன் கிடைக்கும் என்று கேட்பவர் சிலர். ஈ கொட்டுமே என்று கேட்பவரே பலர். இந்த அச்சம் காரணமற்றதன்று. தேனீ கொட்டவே கொட்டாது என்று சொல்லி ஒருவரைப் பெட்டியண்டை அழைத்துச் செல்லுதல் அவரை ஏமாற்றுவதாகும். எனினும், நமது நாட்டுத் தேனீ எதற்காகக் கொட்டுகிறது, எப்பொழுது கொட்டுகிறது என்பதை அறிந்து நடப்பவர் சொற்பமான கொட்டுக்களோடும், பல நாட்களில் ஒரு கொட்டும் இல்லாமலும் திரும்பி வரலாம். முதன்முறையாகத் தேனீப் பண்ணைக்குச் செல்லும் குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன்படும் பொருட்டு, குளிரும் மேகமும் மிகுந்த பைக்காராப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயம் இங்கே விவரிக்கப்படுகிறது.

மரப்பொந்திலிருந்து தேன் எடுக்கும் வழக்கம் நீலகிரியில் மிகப் பழமையானது. சட்டங்களை எடுத்துப் பார்க்கக்கூடிய பெட்டியில் ஈ வளர்க்கும் முறை பிற்காலத்தில் வந்தது. 1911 முதல் 1917 வரையில் பாதிரியார் நியூட்டன் என்பவர் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டி ஒன்றை அமைத்துத் தென்னிந்தியக் கிராமத்தாருக்கு இத்தொழிலைக் கற்பித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. குடியானவர்களுக்கேற்ற உபதொழில்களில் ஒன்றாகத் தேனீ வளர்ப்பை 1928-ஆம் வருஷத்து ராயல் விவசாயக் கமிஷனும் சிபாரிசு செய்தது.

எனது முதல் அனுபவம்

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், டிப்ளமாப் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், பைக்காராவுக்கு அருகில் ஒரு சிறு குடியானவர் வைத்திருந்த மூன்று தேனீப் பெட்டிகளைப் பார்க்கச் சென்றேன். ஆனி மாதத்துக் காலைப்பொழுது. மணி எட்டாகியும் மேகமூட்டம் கலையவில்லை; தூறலும் இருந்தது. குளிருக்காகக் கறுப்புக் கம்பளிக் கோட்டும், கழுத்தில் கம்பளித் துண்டும் அணிந்திருந்தேன். "ஐயா, வெயில் வரட்டும், பத்து மணிக்கு மேல் திறக்கலாம். வராவிட்டால் இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று அவர் சொன்னார். எனக்கோ உதகமண்டலம் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். உடனே திறக்கும்படி வற்புறுத்தினேன். சர்க்கார் உத்தியோகஸ்தர் கேட்கும்போது மறுப்பது மரியாதையன்று என்று கருதி அவர் மூடியைத் தூக்கினார். நான் பெட்டியின் வாசலுக்கு நேரே நின்றுகொண்டு ஒரு சட்டத்தைக் கையில் வாங்கி, முகத்தருகே பிடித்துப் பார்த்தேன். ஓர் ஈ கழுத்துத் துண்டில் சிக்கி ரீங்காரம் செய்தது. அதைக் கையால் அறைந்தேன். அது நசுங்கியதுதான் தாமதம், கழுத்திலும் காதிலும் கைகளிலுமாக ஏழு இடங்களில் கொட்டுப்பட்டேன். சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

என் வீக்கம் இரண்டு நாட்களில் வடிந்துவிட்டது. அக்குடியானவருடைய நஷ்டம் அவ்வாறு தீரவில்லை. அடை உடைந்தது, புழுக்கள் குளிரில் விறைத்து மாண்டன, நான்காம் நாள் அந்தக் கூட்டம் முழுவதும் பெட்டியைவிட்டுப் பறந்து போய்விட்டது. பின்னர் அவரைக் கண்டபோது, "நான்தான் திறந்திருக்கக் கூடாது, ஐயா" என்றாரே ஒழிய என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிழை முழுவதும் என்னுடையதே. அன்று நான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே, செய்யத்தக்கவையும் தகாதவையும் நன்கு விளங்கும்.

ஈ கொட்டுவது ஏன்?

ஆண் ஈக்களுக்குக் கொடுக்கு இல்லை. ராணி ஈ மனிதரைக் கொட்டுவது மிக அரிது. கூட்டைக் காப்பாற்றும் பொறுப்புள்ள வேலைக்கார ஈக்களே கொட்டுகின்றன. பூவில் மேயும் ஈயை நசுக்கினாலன்றி அது பெரும்பாலும் கொட்டுவதில்லை. கூட்டுக்கு ஆபத்து என்று தோன்றும்போதுதான் அது கொடுக்கை நீட்டுகிறது. அக்கொடுக்கில் ரம்பத்தின் பற்களைப் போன்ற முட்கள் உள்ளன. மனிதரின் தோலில் பாய்ந்த கொடுக்கு பெரும்பாலும் திரும்பி வராது. விஷப்பையோடு பிய்ந்து அங்கேயே தங்கிவிடும். அந்த ஈயும் இறந்துபோகும். ஆகவே கொட்டுதல் ஈக்கும் உயிர்ச்சேதம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஈ கொட்டும்போதும், நசுங்கும்போதும் ஒருவித வாசனை வெளிப்படுகிறது. பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை அது ஒத்திருக்கும். மற்ற ஈக்களுக்கு அது போர்முரசு போன்றது. எங்கே அவ்வாசனை படிந்ததோ அங்கேயே அவை மேலும் மேலும் கொட்ட வரும். நான் ஓர் ஈயை அறைந்து ஏழு கொட்டுக்களை வாங்கிக்கொண்டதன் காரணம் இதுவே.

நாளும் வேளையும்

பெட்டியைத் திறக்கும் நேரத்தை நமது சௌகரியம் நிச்சயிக்கக் கூடாது. ஈக்களின் போக்குவரத்தே நிச்சயிக்கவேண்டும். நல்ல வெயிலில் வயது முதிர்ந்த ஈக்களில் பெரும்பகுதி மேயச் சென்றிருக்கும். கொட்டுவதில் முனைப்புள்ளவை அவையே. மேகம், தூறல், பலத்த காற்று, அந்திப்பொழுது ஆகிய வேளைகளில் அவை யாவும் வீட்டில் இருக்கும்; எரிச்சலும் கொண்டிருக்கும்.

மேலும், புழு வளரும் அடையை ஈக்கள் சுமார் 33 முதல் 35 சென்டிகிரேடு உஷ்ணத்தில் வைத்துக் காக்கின்றன. பைக்காராவின் குளிர்காற்றில் திறந்த பெட்டி அவ்வுஷ்ணத்தை விரைவில் இழந்துவிடும். ஆதலால் மலைப்பிரதேசத்தில் வெயில் ஏறிய பின், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே, காற்று அடங்கியிருக்கும் சமயம் பார்த்துத் திறத்தல் வேண்டும். வாசலில் ஈக்கள் ஓயாமல் போவதும் வருவதுமாய் இருந்தால் அது தகுந்த வேளை. வாசலில் கூட்டமாய் முடங்கிக் கிடந்தால் அன்று விட்டுவிடுவதே நலம். தென்மேற்குப் பருவமழை பலக்கும் மாதங்களில் மேய்ச்சல் இன்றி ஈக்கள் பசியோடிருக்கும். புதியவர்கள் மழைக்கு முந்திய பூக்காலத்தைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

உடுப்பு

கறுப்பும், ரோமமுள்ள கம்பளியும் ஈக்களைக் கோபமூட்டும். கரடி முதலிய கருநிற மிருகங்களே கூட்டைச் சூறையாடுவதால், இருண்ட ரோமத்தைப் பகையாகக் கருதும் இயல்பு அவற்றுக்கு ஏற்பட்டிருக்கலாம். கம்பளி இழையில் கால் சிக்கிக்கொண்ட ஈயும் கொட்டும். நீலகிரியில் கம்பளியின்றி இருத்தல் கஷ்டமே. ஆயினும் பெட்டியண்டை போகுமுன் அதைக் கழற்றி வைத்துவிடலாம். அல்லது அதன்மேல் வெண்ணிறமுள்ள வழவழப்பான பருத்திச் சட்டை ஒன்றை அணியலாம். சட்டைக் கையையும் கால்சட்டையின் அடியையும் கயிற்றால் கட்டிக்கொள்ளவேண்டும். வேஷ்டி கட்டியவர்கள் ஈ உள்ளே புகாதபடி நன்றாக இறுக்கிக் கட்டவேண்டும். அகன்ற விளிம்புள்ள தொப்பியின்மேல் கறுப்பு வலைத்துணியாலான முகமூடி போடவேண்டும்; கறுப்பு வலையின் ஊடே பார்வை தெளிவாயிருக்கும். வாசனைத் தைலம், அத்தர், தலையில் சூடிய மல்லிகை, மதுவின் நாற்றம், வியர்வை நாற்றம் ஆகியவை உதவா.

நிற்குமிடமும் நடத்தையும்

பெட்டியின் வாசலுக்கு முன் நிற்கக் கூடாது. அது ஈக்களின் ராஜபாட்டை. வழிமறித்தவரை அவை மன்னிப்பதில்லை. பெட்டியின் பக்கத்திலோ பின்புறத்திலோ நிற்கவேண்டும். காலால் தட்டுதல், பெட்டியை இடித்தல், உரக்கப் பேசி ஆடுதல் கூடாது. மூச்சுக்காற்று அடையின்மேல் படும்படி குனிந்து பார்த்தலும் ஊதுதலும் தவறு.

ஓர் ஈ முகத்தைச் சுற்றி ரீங்காரமிட்டால் கையை வீசாதீர்கள். தலையைக் குனிந்து மெதுவாக விலகி, நிழலான புதர் அல்லது மரத்தடிக்குச் செல்லுங்கள். அது சற்றுத் தூரம் வந்து திரும்பிவிடும். ஈ உடையின்மேல் உட்கார்ந்தால் அதைப் பொருட்படுத்தாதிருங்கள், இளைப்பாறிப் போய்விடும்.

புகையும் பெட்டி திறத்தலும்

பழகியவர் துணையின்றி முதன்முறை பெட்டியைத் திறக்கலாகாது. புகைக்கருவியில் தேங்காய் நார், பழைய சாக்கு முதலியவற்றை இட்டு, வெப்பமற்ற வெண்புகை வருமாறு மூட்டவேண்டும். வாசலில் இரண்டு மூன்று முறை மெல்ல ஊதிச் சில நிமிஷம் பொறுத்த பிறகே மூடியை எடுக்கவேண்டும். புகை எச்சரிக்கை வாசனையை மறைக்கிறது. மேலும், நெருப்பு வந்ததோ என்று எண்ணிய ஈக்கள் வயிறு நிறையத் தேனைக் குடித்துச் சாந்தமடைகின்றன. ஆனால் நாட்டுத் தேனீ சுலபமாக மிரளும் இயல்புடையது. புகை மிகுந்தால் அடையைவிட்டு ஓடும்; தொந்தரவு அதிகமானால் கூட்டையே துறந்து போகும்.

முதலில் ஓரத்துச் சட்டத்தை எடுத்து இடம் உண்டாக்கிக்கொண்டு, பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக நேர்மேலே தூக்கவேண்டும். இடையில் ஈக்கள் நசுங்கலாகாது. சட்டத்தைப் பெட்டிக்கு நேர்மேலேயே, செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். படுக்கவைத்தால் இளம் அடை முறிந்து விழும். முதல்நாளில் தேன், மகரந்தம், முட்டை, புழு ஆகியவற்றை அடையாளம் கண்டால் போதும். ராணியைத் தேடி எல்லாச் சட்டங்களையும் கலைக்கவேண்டாம். குளிர்ப் பிரதேசத்தில் ஐந்து நிமிஷத்திற்குள் பார்த்து மூடுதல் நலம். ஒரு பண்ணையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர்கள் கையையும் உளியையும் கழுவிக்கொள்ளவேண்டும். 1991 முதல் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்ததை மறக்கலாகாது.

கொட்டினால் செய்யவேண்டியது

கொடுக்கை உடனே எடுத்துவிடவேண்டும். பிய்ந்த விஷப்பை தானே சுருங்கி விரிந்து விஷத்தை உட்செலுத்திக்கொண்டிருக்கும். அரை நிமிஷத்திற்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். விரலால் கிள்ளக் கூடாது, நகத்தால் சுரண்டியே எடுக்கவேண்டும் என்று முன்பு கற்பித்து வந்தோம். எப்படி எடுத்தாலும் வித்தியாசம் அற்பம் என்றும், தாமதமே கெடுதல் என்றும் பின்னர் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. எடுத்தபின் அவ்விடத்தில் சிறிது புகை காட்டி வாசனையை மறைக்கவேண்டும். பெட்டியைப் பதறாமல் மூடிவிட்டு விலகி, சோப்பிட்டுக் கழுவிக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். விரலில் கொட்டினால் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவும் வழக்கம் எங்கும் உண்டு. ஆனால் விஷம் தோலுக்கு அடியில் இறங்கிவிடுவதால் மேற்பூச்சு அதை முறிக்காது. கொட்டிய இடம் ஓரிரு நாள் வீங்கி அரிப்பது சாதாரணம்.

சிலருக்கு மட்டும் ஒரே கொட்டு உயிருக்கு அபாயமாகலாம். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், குரல் கம்முதல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை சில நிமிஷங்களில் தோன்றினால், ஒரு கணமும் வீணாக்காமல் 108 வண்டியை அழைக்கவேண்டும். அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். அட்ரினலின் ஊசியே இதற்குரிய முதல் மருந்து. அதுவரை நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்கவேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. பைக்காராவிலிருந்து உதகமண்டலம் சுமார் 20 கிலோமீட்டர் தூரம். ஆகையால் முன்பு இத்தகைய குறிகள் கண்டவர்கள் வைத்தியர் ஆலோசனையின்றிப் பண்ணைக்குள் வருவதே கூடாது.

மலைத்தேனீ வேறு

மேலே கூறியவை பெட்டியில் வளரும் நாட்டுத் தேனீக்கே பொருந்தும். செங்குத்தான பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க இயலாது. அது கலைந்தால் நூற்றுக்கணக்கில் துரத்தி வரும். அப்பொழுது அசையாமல் நிற்றல் தகாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேராக ஓடி, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவை அடைக்கவேண்டும். நீரில் குதித்தல் வீண். தலை வெளியே வரும்வரை ஈக்கள் காத்திருக்கும். அநேக கொட்டுக்கள் பட்டவர், நலமாகத் தோன்றினாலும் வைத்தியரிடம் செல்லவேண்டும். இத்தகைய அடைகள் உள்ள இடங்களில் கல்லெறிதலும் நெருப்பு மூட்டுதலும் கூடாது என்று கிராம அதிகாரிகள் எச்சரிக்கைப் பலகை வைப்பது அவசியம்.

முடிவுரை

பார்க்க வருபவர் கொட்டுப்பட்டால் அவருக்கு இரண்டு நாள் வலி. பெட்டி கலைந்தால் வளர்ப்பவருக்கு அவ்வருஷத்துத் தேன் நஷ்டம். ஆகவே குடியானவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எவர் வந்து கேட்டாலும், வேளை தகாததாயின் மூடியைத் திறவாதீர்கள். உத்தியோகஸ்தர்களாகிய நமக்கும் ஒன்று: பெட்டிக்கு உடையவர் "இன்று வேண்டாம், ஐயா" என்றால், அச்சொல்லை ஏற்றுக்கொண்டு அடுத்த வெயில் நாளில் திரும்பி வருவோமாக. தேனீப் பண்ணையில் முதலாவது கற்கவேண்டிய பாடம் அதுவே.