கருந்துளையின் ஓரத்தை அளப்பது எப்படி?



முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் ஸ்மித்தி பிராக்டிகல் செய்தவர்களுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. உலையிலிருந்து எடுத்த இரும்பு மங்கின சிவப்பா, மஞ்சளா என்று பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவோம். கருந்துளையின் ஓரத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளப்பதும் இதே வித்தைதான். அதிலிருந்து வெளிச்சமே வராதே என்று கேட்பீர்கள். வெளிச்சம் தருவது கருந்துளை அல்ல, அதற்குள் விழப்போகும் வாயு.

பக்கத்து நட்சத்திரத்திலிருந்து இழுபடும் வாயு நேராக உள்ளே விழாது. சுழற்சி இருப்பதால் ஒரு தட்டுபோல் சுற்றிச் சுற்றி இறங்கும். அடுத்தடுத்த வளையங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுவதால் உரசல், உரசலால் சூடு. 1973-ல் ரஷ்யாவின் ஷகுராவும் சுன்யாயெவும் இதற்குக் கணக்கு எழுதினார்கள். ஆரம் 4 மடங்கானால் வெப்பநிலை ஏறக்குறைய 2.8-ல் ஒரு பங்காகும். உள்விளிம்பில் 1 கோடி டிகிரிக்கு மேல். நம்ம உலை இரும்பைவிடப் பத்தாயிரம் மடங்கு சூடு. அலைநீளமும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அது எக்ஸ்ரேயாக வருகிறது.

இளம்பிள்ளைச் சேலையில் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் போட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கலந்த ஒரே கலர்தான் தெரியும். தட்டும் அப்படியே. ஒவ்வொரு வளையத்துக்கும் பிளாங்க் விதிப்படி ஒளியைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்பெக்ட்ரம் தயார். சி மொழியில் ஒரு ஃபார் லூப் போதும், அவ்வளவுதான்! (கருந்துளைக்கு அருகே ஒளி வளைவதைச் சேர்த்தால்தான் லூப் பெரிதாகும்.)

இனிதான் விஷயம். வெப்பநிலையும் மொத்த ஒளியும் தெரிந்தால் ஸ்டீபன் விதியிலிருந்து பரப்பு கிடைக்கும். பரப்பிலிருந்து உள்விளிம்பின் ஆரம். கருந்துளை எவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே சுற்றுகிறதோ, அவ்வளவு கிட்டே தட்டு நெருங்கி வரும். 14 சூரிய நிறை உள்ள கருந்துளை சுற்றாமல் இருந்தால் உள்விளிம்பு 124 கி.மீ. சுழற்சி எண் 0.7 என்றால் 70 கி.மீ. 0.98 என்றால் வெறும் 33 கி.மீ.

ஆனால் ஒரு சிக்கல். தட்டின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதால், கண்ணுக்குப்படும் நிறம் உண்மைச் சூட்டைவிட சுமார் 1.7 மடங்கு அதிகம் காட்டும். இதை விட்டுவிட்டால் ஆரம் 1.7-ன் வர்க்க அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 3 மடங்கு, குறைவாக வரும்! இந்தச் சிதறலின் கணிதத்தை ஒழுங்காகக் கட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம்ம சந்திரசேகர். 1950-ல் வந்த அவருடைய 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' புத்தகத்தைத் தட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

திருவோண நட்சத்திரம் இருக்கும் கழுகு மண்டலத்தில் ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற கருந்துளை 1992-ல் தெரியவந்தது. 1996-ல் ஏவிய நம்ம ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளின் எக்ஸ்ரே கருவியும் அதைப் பார்த்தது. 2006-ல் இரண்டு குழுக்கள் அதன் சுழற்சியைக் கணக்கிட்டன. இருவரும் எடுத்தது ஒரே அமெரிக்கச் செயற்கைக்கோளின் பதிவுகளை. ஒரு குழுவுக்கு வந்த விடை 0.98-க்கு மேல், இன்னொரு குழுவுக்கு 0.7. பாதிக்குப் பாதி வித்தியாசம்! கூட்டலில் யாரும் தப்புப் போடவில்லை. தட்டு மெல்லியது என்ற அனுமானம் ஒளி மிகவும் கூடும்போது நிற்காது. ஆகவே எந்த நேரத்துப் பதிவைச் சேர்ப்பது, எதை ஒதுக்குவது, தட்டுக்கு மேலுள்ள சூடான எலக்ட்ரான் மேகத்தின் ஒளியை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள். 2014-ல் ரேடியோ தொலைநோக்கிகளால் தூரம் நேரடியாக அளக்கப்பட்டது: சுமார் 28,000 ஒளியாண்டு. நிறை 12.4 ஆகக் குறைந்தது. அப்படியும் வேகமான சுழற்சிதான் பொருந்தியது. என் பார்வையில் இந்தத் தூர அளவைதான் பெரிய வேலை. தூரம் 10 சதவீதம் பிசகினால் ஆரமும் 10 சதவீதம் பிசகும்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 செப்டம்பர் 28-ல் ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில் லாக்ஸ்பெக் என்று மூன்று வாயுக் கவுண்டர்கள். ஒரே ஆற்றலுள்ள எக்ஸ்ரே விழுந்தாலும் கவுண்டர் ஒரே அளவு பல்ஸ் தராது, பரவலாகத்தான் தரும். அதனால் பல்ஸை ஸ்பெக்ட்ரமாக மாற்ற முயல்வதில்லை. மாடலைத்தான் கவுண்டரின் குணப்படி பல்ஸாக மாற்றி, வந்த பல்ஸோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் குணம் மாறினால் கணக்கும் மாறும். மூன்றில் ஒரு கவுண்டரில் வாயு கசிந்து, அழுத்தம் இறங்க இறங்க, அதற்கான திருத்தத்தையும் அவ்வப்போது மாற்றி எழுத வேண்டியிருந்தது.

ஒப்பிடும் வேலைக்கு நாஸாவின் எக்ஸ்ஸ்பெக் சாஃப்ட்வேர் இலவசம், லினக்ஸில் ஓடும். ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகளை இஸ்ரோவின் ஆவணத்தில் பெயரைப் பதிவு செய்தால் இறக்கிக்கொள்ளலாம். அதில் 2018-க்கு முந்தைய ஜி.ஆர்.எஸ். 1915+105 பதிவுகளில் ஆரம்பியுங்கள். அதன் பிறகு அந்தக் கருந்துளை மங்கிவிட்டது.