கற்பிட்டி மாமி வீட்டுக்கு லீவில் போகுமுன்

முதலில் பார்க்க வேண்டியது பாடசாலைக் கலண்டரை. எங்கள் பிள்ளைகள் கொழும்பில் படிக்கிறார்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று லீவு வரும். மாமியின் பேரப்பிள்ளைகள் படிப்பது முஸ்லிம் பாடசாலையில். அங்கே நீண்ட லீவு நோன்பு மாதத்தில். நாங்கள் பெட்டியோடு போய் இறங்கும் காலையில் அவர்கள் புத்தகப் பையோடு கிளம்பிவிட்டால், விளையாட ஆளில்லாமல் எங்கள் பிள்ளை போனைத்தான் கேட்கும். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் போன வருடக் கணக்கும் இந்த வருடம் உதவாது. அந்தப் பிள்ளைகளின் உம்மா, எங்கள் ராத்தாவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிடுவதே சுகம்.

அடுத்தது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும். காயப்போட்ட உடுப்பு பக்கத்து வளவில் கிடக்கும். சோற்றில் மணல் விழும். கடற்பக்கம் கால் நனைக்கவே பயமாக இருக்கும். பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் பாயும் வெள்ளைக்காரருக்கு மட்டும் அது நல்ல காலம். ஓகஸ்டில் தலவில் அன்னம்மாள் திருவிழாவும் சேர்ந்துகொண்டால் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுதான் போக வேண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை கடல் படுத்துக்கிடக்கும். டொல்பின் கூட்டம் வருவதும் அப்போதுதான். டிசம்பர் தொடக்கத்தில் வாடை மழை கெடுக்கலாம். ஆகவே எங்கள் தெரிவு டிசம்பர் கடைசி அல்லது ஏப்ரல்.

கொழும்பிலிருந்து நேர் பஸ் உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் கடந்து, புத்தளம் நகரத்துக்குச் சற்று முன்னால் பாலாவியில் இடப்பக்கம் திரும்பும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்ததும் பிள்ளைகள் எழும்பி நிற்பார்கள். 900 மெகாவொட் நிலையம் அது. இரவில் ஓட்டோ பிடித்தால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக் கழுதைகள் நடுரோட்டில்தான் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

இனி வீட்டு விசயம். மாமியின் வீடு களப்போரம். அந்த வீட்டின் நேரம் எங்கள் நேரமல்ல. மீன்பிடிக்கும் மச்சான் மஃரிப் தொழுதுவிட்டு வலையோடு இறங்கினால் சுபஹுக்குத்தான் கரை ஏறுவார். மீன் பிரித்து, வியாபாரியிடம் நிறுத்துக் கொடுத்து, வலை உதறிக் காயவைத்துவிட்டு அவர் படுக்கும்போது ஒன்பது மணியாகும். எங்கள் பிள்ளைகள் எழும்பிக் கூச்சல் போடத் தொடங்குவதும் அப்போதுதான். மாமி ஒன்றும் சொல்ல மாட்டார். விருந்தாளிப் பிள்ளைகளை அதட்டுவது அவருக்கு வராது. சொல்ல வேண்டியது நாங்கள். முற்பகல் முழுவதும் பிள்ளைகளை வெளியே வைத்திருங்கள். வெங்காயத் தோட்டமோ மாமரத்தடியோ பிள்ளைகளுக்குப் போதும். டீவி மட்டும் வேண்டாம்.

அதைவிட நல்ல வழி, பிள்ளைகளையும் சுபஹுக்கே எழுப்பி வள்ளத்துறைக்குக் கூட்டிப்போவது. ஒராவும் மணலையும் இறாலும் நண்டும் தனித்தனியாகக் கூடைக்குப் போவதைப் பார்த்த பிள்ளை, மத்தியானச் சோற்றில் மீனை ஒதுக்குவதில்லை. ஆனால் வலையைத் தொட விடாதீர்கள். சிக்கியிருக்கும் நண்டுக்கு யார் விரல் என்று தெரியாது. நிறுக்கும்போது கேள்வி கேட்கவும் விடாதீர்கள். வீட்டுச் செலவுக்கான காசு அந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகிறது.

களப்பு ஆழமில்லை, பயப்படாதீங்க என்பார்கள். ஆழமில்லை என்பது உண்மைதான், ஒரு பிள்ளை வெகுதூரம் நடந்தே போய்விடலாம். ஆனால் சேறும் சாதாளையும் கிடக்கும் தரையில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். இதைக் கரையில் வைத்தே பழக்குங்கள். வார் வைத்த செருப்பும் வேண்டும். உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும். இந்தத் தண்ணீர் கடலைவிட உப்பா என்று பிள்ளை கேட்கும். புத்தளம் பக்கமாகப் போகப் போக ஆம் என்று சொல்லலாம். களப்பு கடலோடு சேர்வது வடக்கு முனையில்தான். கலா ஓயாவும் மீ ஓயாவும் வறண்ட காலத்தில் அதிகம் தருவதில்லை. வெயில் மட்டும் குறையாமல் உறிஞ்சும். புத்தளத்தில் உப்பளங்கள் இருப்பது அதனால்தான்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் குடிதண்ணீர் பற்றிய இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். கற்பிட்டிக் கிணற்று நீர் என்பது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். சின்ன வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளை அந்த மணலில் நேரே கீழிறங்குகிறது. இங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்கு அது ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைக் குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கொதித்துத் தண்ணீர் வற்ற, மிஞ்சிய நீரில் நைத்திரேற்றின் செறிவு கூடும். போத்தல் தண்ணீர் அல்லது சுத்திகரித்த தண்ணீர் கொண்டுபோங்கள். கேட்டால், "டொக்டர் சொல்லியிருக்கிறார், சின்னவளுக்கு மட்டும்" என்று சொன்னால் போதும். மற்றவர்கள் அந்த வீட்டுத் தேத்தண்ணியைச் சந்தோசமாகக் குடியுங்கள். முழுக் குடும்பமும் ஆளுக்கொரு போத்தலோடு உட்கார்ந்தால், எந்த மாமிக்கும் முகம் சுருங்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு முன்னறிவிப்பு. பெரிய விருந்தென்றால் சஹன் வரும். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது. தன் முன்னால் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள். கையில் என்ன கொண்டுபோவது? அப்பிளும் திராட்சையும் எடுபடும், கொழும்புக் கேக்கும் எடுபடும். மாமியின் கையில் காசு திணிக்க வேண்டாம், அது கோபத்தில் முடியும். பிள்ளைகளின் கொப்பி, புத்தகப் பைச் செலவை ராத்தாவோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

மாமி எப்படிக் கற்பிட்டிக்கு வந்தார் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவுக்காரர் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. வாப்பா பிறகு கொழும்புக்குப் போனார், மாமி இங்கேயே நின்றுவிட்டார். உள்ளூர் மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னங்காணியையும் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் பெருகியதில் களப்பு மீனுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் நெருக்கடி வந்ததும் உண்மை. அதை மறைத்துவிட்டு விருந்தோம்பலை மட்டும் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. இதையெல்லாம் "மாமி, கதை சொல்லுங்க" என்று சபை கூட்டிக் கேட்காதீர்கள். அவர் இறால் உரிக்கும்போது பக்கத்தில் இருந்து நாமும் உரித்தால், தானாக வரும். போன தடவை என் மகள், "அப்ப உங்கட ஊர் எது?" என்று கேட்டாள். "ரெண்டும்தான் மகள், அந்தச் சட்டிய இஞ்சால தள்ளுங்க" என்றார்.

ஊர் சுற்ற அதிகம் திட்டம் போடாதீர்கள். கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டை 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டியது; இப்போது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் அடையாள அட்டையோடு போங்கள், கமெராவை எடுக்குமுன் கேளுங்கள். 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய துறை புத்தளம் என்பதையும் அங்கே வைத்துச் சொன்னால், சமய பாடத்தில் தூங்கும் பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும். டொல்பின் பார்க்க விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்கு இல்லாவிட்டால், படகுக்காரர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் ஏற வேண்டாம்.

திரும்பும்போது கருவாடு தராமல் விட மாட்டார்கள். கட்டாவும் சீலாவும் நன்றாகக் காய்ந்திருந்தால் பயமில்லை. இறால் கருவாடுதான் பஸ்ஸில் எங்களைக் காட்டிக்கொடுக்கும். பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்று, மேலே பொலித்தீன், அதற்கும் மேலே இறுக்கமான மூடியுள்ள வாளி. ஏசி பஸ் என்றால் வாளியைக் கீழ்ப்பெட்டியில் போடச் சொல்லி, இறங்கும் இடத்தை நடத்துனரிடம் இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.