தூரத்துப் பறவைக்கு எந்தக் கேமரா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பறவை பார்க்கத் தொடங்கிய பலரும் சில மாதங்களில் ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள். பைனாகுலரில் பார்த்தால் மட்டும் போதவில்லை, படமும் எடுக்க வேண்டும். எந்தக் கேமரா வாங்குவது? பட்ஜெட்டுக்குள் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, லென்ஸைக் கழற்ற முடியாத, பெரும் ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா. 2015இல் வெளிவந்த நிக்கான் பி900 இந்த வகையில் பேர்பெற்றது. இன்னொன்று, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய டிஎஸ்எல்ஆர். 2010இல் வந்த நிக்கான் டி7000ஐயும் ஒரு 70-300 மி.மீ. லென்ஸையும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு பக்கமும் அடித்துப் பேச ஆள் உண்டு. ஒரு பக்கம் ஜூம் எண்ணைக் காட்டும், மறுபக்கம் சென்சார் அளவைக் காட்டும். இரண்டும் தனித்தனியாக நம்மை ஏமாற்றக்கூடிய எண்கள். இவற்றைவிட நம்பத்தக்க அளவு ஒன்று இருக்கிறது: லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். வகுக்க வேண்டிய இரண்டு எண்களும் லென்ஸிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நம்பிக்கை 1: 83 மடங்கு ஜூம் என்றால் பறவை 83 மடங்கு பெரிதாகத் தெரியும்.

உண்மை: ஜூம் எண் ஒரு விகிதம் மட்டுமே. லென்ஸின் மிகக் குறுகிய பார்வைக்கும் மிக அகன்ற பார்வைக்கும் உள்ள விகிதம் அது. பி900இன் பார்வை, முழுச்சட்டக் கணக்கில் (பழைய ஃபிலிம் அளவுள்ள சென்சாரில் இதே பார்வையைத் தரும் குவியத் தூரத்தில்) 24 மி.மீ.யில் தொடங்கி 2000 மி.மீ.யில் முடிகிறது. 2000ஐ 24ஆல் வகுத்தால் 83. ஆனால் 24 மி.மீ. என்பது கண் பார்ப்பதைவிட மிக அகன்ற பார்வை. வெறும் கண்ணுக்கு நெருக்கமானது என்று புகைப்படக்காரர்கள் வைத்துக்கொள்ளும் 50 மி.மீ.யோடு ஒப்பிட்டால் கிடைப்பது 40 மடங்கு. 2018இல் வந்த பி1000இன் 125 மடங்கும் இதே கணக்கில் 60 ஆகிவிடும்.

40 மடங்கும் சாதாரணமல்ல. பறவை பார்ப்பவர்கள் கழுத்தில் தொங்கவிடும் பைனாகுலர் பெரும்பாலும் 8 அல்லது 10 மடங்குதான். கடைக்காரர் சொல்லும் எண்ணுக்கும் கண் காணும் பலனுக்கும் உள்ள தொலைவைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவே.

நம்பிக்கை 2: இரண்டிலும் 16 மெகாபிக்சல். ஆகவே தெளிவும் ஒன்றுதான்.

உண்மை: எண்ணிக்கை ஒன்றுதான், இடம் ஒன்றல்ல. டி7000இன் சென்சார் சுமார் 23.6 × 15.6 மி.மீ. பி900இன் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. பரப்பில் முன்னது ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. அதனால் டி7000இன் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 4.8 மைக்ரான் அகலம் இருக்க, பி900இல் அது 1.3 மைக்ரானுக்குச் சுருங்கிவிடுகிறது.

இங்கே இயற்பியல் ஓர் எல்லை போடுகிறது. எந்தத் திறப்பின் வழியாக வந்தாலும் ஒளி கொஞ்சம் பரவும். பள்ளிப் பாடத்தில் படித்த விளிம்பு விளைவுதான் இது. முழு ஜூமில் பி900இன் எஃப் எண் 6.5. அந்த நிலையில் ஒரு புள்ளியின் ஒளி சென்சாரில் சுமார் 8.7 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. அதாவது ஆறு பிக்சலுக்கு மேல் பரவுகிறது. லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. முழு ஜூமில் எடுத்த 16 மெகாபிக்சல் படத்தில் உண்மையான விவரம் அதைவிட வெகு குறைவு. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இறகுகள் நீர்வண்ணம் பூசியதுபோல் தெரிவதற்கு இதுவும், இரைச்சலை அழிக்கக் கேமரா செய்யும் வேலையும் சேர்ந்தே காரணம். பி900 ஜேபெக் படம் மட்டும் தரும். அந்த அழிப்பை நாம் திருத்த, கேமரா கைவைக்காத மூலப் பதிவான ரா கோப்பு இல்லை. பி1000இல் ரா உண்டு.

நம்பிக்கை 3: பெரிய சென்சார் எப்போதும் வெல்லும். டிஎஸ்எல்ஆரில் எடுத்துப் பிறகு வெட்டிப் பெரிதாக்கினால் போதும்.

உண்மை: நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்களே சறுக்குவது இங்கேதான்.

தொலைவில், மரத்து நுனியில் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்திருக்கிறது. அதன் உடலிலிருந்து புறப்பட்டு நம்மை நோக்கி வரும் ஒளியில் எவ்வளவு நமக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது சென்சார் அல்ல, லென்ஸின் திறப்பு. மழையில் முற்றத்தில் வைத்த அண்டாவில் எவ்வளவு நீர் சேரும் என்பதை அதன் வாயகலம் தீர்மானிப்பதுபோல. இப்போது கணக்கைப் போடுவோம். பி900இன் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ. அதை 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. டி7000இல் பூட்டிய 300 மி.மீ. லென்ஸின் எஃப் எண் 5.6. வகுத்தால் 54 மி.மீ. இரண்டு திறப்பும் ஏறக்குறைய ஒன்றே! அந்தப் பறவையிலிருந்து இரண்டு கேமராவும் வாங்கும் ஒளி சமம். 13 மடங்குப் பெரிய சென்சாரின் பெரும்பகுதியில் விழுவது வானமும் இலையும்தான்.

ஒளி சமம் என்றால், விவரம்? 300 மி.மீ. லென்ஸ் டி7000இல் 450 மி.மீ. பார்வையைத் தரும். பி900இன் 2000 மி.மீ. சட்டத்துக்கு அதை வெட்டினால் 16 மெகாபிக்சலில் 0.8 மெகாபிக்சல்தான் மிஞ்சும். முழு நிலவை எடுத்துப் பாருங்கள். டி7000 படத்தில் நிலவின் விட்டம் சுமார் 570 பிக்சல். பி900 படத்தில் சுமார் 2,400 பிக்சல். விளிம்பு விளைவு தின்றது போக மிஞ்சுவதும் டிஎஸ்எல்ஆர் தருவதைவிட அதிகம். நல்ல வெயிலில், தொலைவில், அசையாமல் இருக்கும் ஒன்றுக்கு இந்தச் சோடியில் வெல்வது பிரிட்ஜ் கேமராவே.

டிஎஸ்எல்ஆர் இந்தப் போட்டியில் மேலே வர வேண்டுமானால் லென்ஸ் மாற வேண்டும். நிக்கானின் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸின் திறப்பு 89 மி.மீ. பி900ஐவிட இரண்டரை மடங்கு ஒளி வாங்கும். ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. விலையும் பழைய கேமராவின் விலையை விழுங்கிவிடும்.

நம்பிக்கை 4: அப்படியானால் பறவைக்குப் பிரிட்ஜ் கேமராவே போதும்.

உண்மை: பறவை நெருங்கிவந்த அந்த நொடியில் கதை தலைகீழாகிறது. வீட்டுத் தோட்டத்தில் தையல்சிட்டு சில அடி தூரத்தில் வந்து அமர்கிறது. டி7000இல் 300 மி.மீ.யிலேயே அது சட்டத்தை நிரப்பிவிடும். திறப்பு அதே 54 மி.மீ. அதே சட்டத்துக்குப் பி900 ஜூமைக் குறைத்து 80 மி.மீ. குவியத் தூரத்துக்கு வர வேண்டும். அங்கே அதன் திறப்பு 20 மி.மீ.யைத் தாண்டாது. பரப்பாகப் பார்த்தால் டிஎஸ்எல்ஆர் ஏழு மடங்குக்கும் மேல் ஒளி வாங்குகிறது. இறகின் ஒவ்வோர் இழையும் பிரிந்து தெரியும் படம் இங்கிருந்துதான் வருகிறது.

வெளிச்சம் மங்கினால் இந்த இடைவெளி இன்னும் கண்ணை உறுத்தும். அந்தி நேரத்தில் புதரடியில் சருகு கிளறும் ஆறுமணிக்குருவியைப் பிரிட்ஜ் கேமராவில் எடுக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை ஏற்ற ஏற்ற, சின்ன சென்சாரில் வண்ணம் கலங்கி விவரம் கரையும்.

பறக்கும் பறவைக்கு வேறொரு காரணமும் சேர்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஒளியின் ஒரு பங்கு கண்ணாடியின் வழியே தனிக் குவிய சென்சாருக்குப் போகிறது. குவியம் முன்னால் விலகியிருக்கிறதா, பின்னால் விலகியிருக்கிறதா என்பது அதற்கு உடனே தெரியும். டி7000இல் இப்படி 39 புள்ளிகள், நொடிக்கு 6 படம். பி900 முன்னும் பின்னும் நகர்த்தித் தேடியே குவியத்தைக் கண்டுபிடிக்கும். நொடிக்கு 7 படம் என்றாலும் ஏழே படத்தோடு நின்று, நினைவட்டையில் எழுதி முடிக்க நேரம் கேட்கும். பாய்ந்து பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டான் அதற்குள் மீண்டும் கம்பியில் வந்து அமர்ந்திருக்கும்.

நம்பிக்கை 5: அதிர்வு தடுக்கும் வசதி இருக்கிறது. எந்த வேகத்திலும் எடுக்கலாம்.

உண்மை: அந்த வசதி தடுப்பது நம் கை நடுக்கத்தை மட்டுமே. பி900இன் லென்ஸ் ஐந்து ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) ஈடுகட்டும் என்கிறது நிறுவனம். கையில் பிடித்தே நிலவைத் தெளிவாக எடுக்க முடிவது அதனால்தான். தலையைச் சட்டென்று திருப்பும் பறவையை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு ஒளி வேண்டும். மீண்டும் திறப்பிடமே வந்து நிற்கிறோம்.

ஈடுகட்ட முடியாத இன்னொன்று கானல். வெயில் ஏறிய பிறகு ஏரிக்கரையிலிருந்து அக்கரை மரத்தைப் படமெடுத்தால், இடையிலுள்ள சூடான காற்று படத்தை நெளியவைக்கும். எந்தக் கேமராவாலும் அதை நேராக்க முடியாது. தொலைதூரப் படத்துக்கு விடியற்காலையே நல்ல நேரம்.

நம்பிக்கை 6: சின்ன சென்சாரில் பின்னணி மங்காது.

உண்மை: ஆள் படத்துக்கு இது சரி. பின்னணி எவ்வளவு மங்கும் என்பதையும் திறப்பே தீர்மானிக்கிறது. டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் திறப்பு 28 மி.மீ. முகத்தை எடுக்க ஏற்ற பார்வையில் பிரிட்ஜ் கேமராவின் திறப்பு 6 மி.மீ.யைக்கூட எட்டாது. ஆனால் முழு ஜூமில் திறப்பு 55 மி.மீ. ஆகிவிடுவதால், பறவைக்குப் பின்னால் உள்ள இலைகள் டிஎஸ்எல்ஆர் படத்தில் போலவே அழகாகக் கரையும்.

நம்பிக்கை 7: அடிவானத்துக்கு அப்பால் மறைந்த கப்பலையும் பி900 ஜூம் செய்து மீட்டுவிடும். ஆகவே பூமி தட்டை.

உண்மை: பி900 வந்த பிறகு உலகமெங்கும் பரவிய தவறு இது. கடற்கரையில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்கு அடிவானம் 4.7 கிலோமீட்டரை ஒட்டி அமையும். 20 மீட்டர் உயர மாடியில் ஏறினால் அது 16 கிலோமீட்டர் ஆகும். சிறிதாகிப்போனதால் கண்ணுக்குத் தெரியாத கப்பலை ஜூம் மீட்கும். கடலின் வளைவு மறைத்த கப்பலை எந்த லென்ஸும் மீட்காது. முழு ஜூமில் பார்த்தால், தூரக் கப்பலின் அடிப்பாகம் நீருக்குக் கீழே மறைந்து மேல்தட்டு மட்டும் தெரிவதைப் பார்க்கலாம். வளைவுக்கு அந்தக் கேமராவே சாட்சி.

விண்மீனை ஜூம் செய்து, நெளியும் வண்ணத் தட்டாகக் காட்டி, 'விண்மீனின் உண்மை உருவம்' என்று பகிரப்படும் காணொளிகளும் உண்டு. குவியம் தவறிய ஒளிப்புள்ளி, லென்ஸ் திறப்பின் வடிவத்தில் வட்டமாக விரிகிறது. நெளிவு நம் காற்று மண்டலத்துடையது. குவியம் சரியானதும் விண்மீன் வெறும் புள்ளியாகிவிடும்.

நம்பிக்கை 8: பழைய டிஎஸ்எல்ஆர் தேய்ந்துபோன சரக்கு.

உண்மை: சென்சார் வயதால் மங்குவதில்லை. தேயும் உறுப்பு ஷட்டர். டி7000இன் ஷட்டர் 1,50,000 படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. விற்பவரிடம் கடைசியாக எடுத்த ஒரு படக்கோப்பை வாங்கி, அதில் பதிவாகியிருக்கும் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம் ஈரக் காற்றில் கேமராவைவிட லென்ஸே சீக்கிரம் கெடும். எடையைப் பொறுத்தவரை, டி7000உம் 70-300உம் சேர்ந்து ஒன்றரை கிலோ. பி900 சுமார் 900 கிராம். பி1000ஓ 1.4 கிலோ, அங்கே எடை லாபம் என்ற பேச்சே இல்லை.

எதை வாங்குவது?

வீட்டுத் தோட்டம், காட்டோரப் பாதை, அந்தி வெளிச்சம், பறக்கும் பறவை, சுவரில் மாட்டும் பெரிய அச்சு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர். ஏரி, சதுப்பு, உப்பளம், கடற்கரை என்று பறவை எட்டவே நிற்கும் இடங்களுக்குப் பிரிட்ஜ் கேமரா. எடுத்துக்காட்டாக, கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு வளையம் இடும் பணி நடந்துவருகிறது. கரைப்பறவையின் காலில் உள்ள கொடிப் பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் தொலைவிலிருந்து படித்துப் பதிவு செய்தால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சந்தேகத்துக்கிடமான இனத்தை உறுதிசெய்யவும் அழகான படம் தேவையில்லை, அடையாளம் தெரியும் படம் போதும்.

இன்னொரு காரணத்துக்காகவும் பிரிட்ஜ் கேமராவை மதிக்கிறேன்: பறவையை நெருங்காமலே எடுக்க விடுகிறது. வேடந்தாங்கல் போன்ற கூட்டமாய்க் கூடுகட்டும் இடங்களில், படத்துக்காக இன்னும் நாலடி முன்னே வைப்பவரால் தாய்ப்பறவை எழுந்து போகிறது, முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் தனியே விடப்படுகின்றன. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் தன் லென்ஸ் எட்டாத பறவையைப் பைனாகுலரில் பார்த்துவிட்டுத் திரும்பப் பழக வேண்டும். எந்தக் கேமரா வாங்கினாலும், பறவை தன் வேலையைத் தொடர்ந்து செய்யும் தொலைவில் நின்று எடுத்த படம்தான் நல்ல படம்.