தொண்டை வலியும் ஊசி அட்டையும்

எங்கள் ஊர் கோபாலபுரம். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் பொள்ளாச்சி. மறு பக்கம் போனால் சித்தூர், பாலக்காடு. வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டு பெரும்பாலும் இங்கிலீஷிலோ மலையாளத்திலோ வருகிறது.

ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ஓர் அக்கா மட்டும் நின்றார். தென்னந்தோப்பில் வேலை செய்பவர். மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு பாரு. புள்ளைக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது."

அட்டையில் 'பென்சிலின் ஊசி' என்று இருந்தது. '21 நாளுக்கு ஒருமுறை' என்றும் இருந்தது. கீழே கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். முதல் நான்கு கட்டங்களில் தேதி இருந்தது. மற்ற கட்டங்கள் காலி.

"அக்கா, நாலு ஊசிக்கு அப்புறம் போடலீங்களா?"

"இல்ல கண்ணு. புள்ள நல்லாத்தான் இருக்குது. ஓடுது, ஆடுது. நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு ஊசின்னு விட்டுட்டோம்."

அவர் மகளுக்கு வயது 11. முதலில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. பிறகு முழங்கை. 'வளர்ற வயசு, கை கால் வலிக்கத்தான் செய்யும்' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காய்ச்சல் விடாததால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கொடுத்த அட்டைதான் இது.

நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி? அந்தக் கேள்விக்கு எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. அரசு சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். தெரிந்துகொண்டதை இந்தப் பாடத்தில் சொல்கிறேன்.

உடம்பின் காவல்

செக்போஸ்ட் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டியை நிறுத்துவார்கள். 'எங்கிருந்து வருகிறது? என்ன சரக்கு?' என்று கேட்பார்கள். நம் உடம்பிலும் இப்படிக் காவல் உண்டு. அதைத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம்.

முதல் காவல் நம் தோல். தோல் கிழியாமல் இருந்தால் பெரும்பாலான கிருமிகள் உள்ளே வர முடியாது. மூக்கில் உள்ள சளி கிருமிகளை ஒட்டிப் பிடிக்கிறது. வயிற்றில் உள்ள அமிலம் பல கிருமிகளைக் கொல்கிறது.

இவற்றைத் தாண்டி வரும் கிருமியை வெள்ளையணுக்கள் எதிர்க்கின்றன. இவை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உண்டாகின்றன. ஒரு சொட்டு ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. கிருமியைக் கண்டால் சில வெள்ளையணுக்கள் அதைச் சுற்றி வளைத்து விழுங்கிவிடுகின்றன. புண்ணில் சீழ் பிடிக்கிறதே, அந்தச் சீழில் பெரும்பகுதி செத்துப்போன வெள்ளையணுக்கள்தான்.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டுகிறது. அந்த இடங்களில் வெள்ளையணுக்கள் கூடிப் பெருகுகின்றன. அதனால்தான் வீக்கம். காய்ச்சலும் அப்படித்தான். உடம்பு தன் சூட்டைக் கூட்டுகிறது. சூடு கூடினால் பல கிருமிகள் வேகமாகப் பெருக முடியாது.

இன்னொரு வகை வெள்ளையணுக்கள் எதிர்ப்பொருள் என்ற ஒன்றைச் செய்கின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி எதிர்ப்பொருள். அது கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அடையாளம் காட்டும். புதிய கிருமிக்கு எதிர்ப்பொருள் தயாராக ஒன்று இரண்டு வாரம் ஆகும்.

காவலுக்கு ஞாபகம் உண்டு

பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு அது பெரும்பாலும் மறுபடி வராது. நம் பெரியவர்கள் இதைக் கண்டு வைத்திருந்தார்கள். காரணம் என்ன? ஒருமுறை வந்த கிருமியை வெள்ளையணுக்கள் மறப்பதில்லை. மறுபடி அது வந்தால் உடனே எதிர்ப்பொருள் தயாராகிவிடும்.

இந்த ஞாபகத்தை நோய் வராமலே உண்டாக்குவதுதான் தடுப்பூசி. 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற டாக்டர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்க முடியும் என்று காட்டினார். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை வந்தது 1975-ல். 1980-ல் அது உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போலியோவும் அப்படித்தான். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் காட்டுவகைப் போலியோ கடைசியாக வந்தது. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

காவல் ஆளைத் தவறாகப் பிடித்தால்

காவலுக்கு இரண்டு வேலை உண்டு. வெளியாளைப் பிடிக்க வேண்டும். வீட்டாளை விட்டுவிட வேண்டும். இரண்டாவது வேலையும் முதல் வேலையைப் போலவே முக்கியம்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. ஒரு வகை வெள்ளையணுக்கள் அங்கேதான் பழகி வருகின்றன. சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய அணுக்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனாலும் சில சமயம் தவறு நடந்துவிடுகிறது.

அந்த அக்காவின் மகளுக்கு நடந்தது அதுதான். தொண்டையில் வந்த கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத்தில் உள்ள புரதத்தைப் போலவே இருக்கின்றன. உடம்பு அந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருள் செய்கிறது. கிருமி போய்விடுகிறது. ஆனால் எதிர்ப்பொருளும் வெள்ளையணுக்களும் இதயத்தைப் பார்த்து, 'இவனும் அந்தக் கூட்டம்தான்' என்று தாக்கத் தொடங்குகின்றன. மூட்டுகளும் வீங்குகின்றன. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இது நடக்கிறது. இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். வாதக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருகிறது. தொண்டைப் புண் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை. சிலருக்கே வருகிறது.

மூட்டு வலி சில நாட்களில் போய்விடும். தழும்புகூட இருக்காது. நாமும் மறந்துவிடுவோம். ஆனால் இதயத்தில் வால்வுகள் இருக்கின்றன. இவை ரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்கான கதவுகள். தாக்கப்பட்ட வால்வு தடித்துச் சுருங்குகிறது. சரியாக மூடாது, அல்லது சரியாகத் திறக்காது. அந்தப் பிள்ளை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். பல ஆண்டுகள் கழித்து நடந்தால் மூச்சு வாங்கும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் இதயத்தின் வேலை கூடுகிறது. அப்போதுதான் சிலருக்கு இந்த நோய் இருப்பதே தெரிய வருகிறது. அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி?

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அது மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதே கிருமி மறுபடி தொண்டையில் வந்தால், காவல் மறுபடி இதயத்தைத் தாக்கும். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும்.

பென்சிலின் ஊசியைத் தசையில் போட்டால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கிறது. மூன்று வாரம் வரை காவல் நிற்கிறது. அதற்குள் அந்தக் கிருமி வந்தால் தங்க முடியாது. மூன்று வாரம் கழிந்தால் மருந்து தீர்ந்துவிடும். அதனால்தான் 21 நாளுக்கு ஒருமுறை போட வேண்டும்.

இது வந்த நோய்க்கு மருந்து அல்ல. வரப்போகும் நோய்க்கு வேலி. பயிர் நன்றாக இருக்கிறது என்று வேலியைப் பிரித்துவிடுவோமா?

இந்த ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். இதயம் பாதிக்காதவர்களும் குறைந்தது 5 ஆண்டுகள் போட வேண்டும். இதயம் பாதித்தவர்கள் 10 ஆண்டும் அதற்கு மேலும் போட வேண்டியிருக்கும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்தில் உருவான வால்வு

வால்வு மிகவும் கெட்டுவிட்டால் என்ன செய்வது? ஆபரேஷன் செய்து புது வால்வு வைக்கலாம். முன்பு அந்த வால்வு வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை மிக அதிகம். ஏழைகளுக்கு எட்டாது.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒரு வால்வு செய்ய முயன்றார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரி வென்றது. உலோகச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் தட்டு ஒன்று சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சித்ரா வால்வு என்று அதற்குப் பெயர். பிறகு டி.டி.கே. நிறுவனம் அதைச் செய்து விற்கத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது.

இது நாம் பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனாலும் இதயத்தைத் திறந்துதான் இந்த வால்வை வைக்க வேண்டும். பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டே இருக்க வேண்டும். தொண்டை வலியைச் சரியாகக் கவனித்தால் பல பிள்ளைகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை.

இதே போன்ற வேறு நோய்கள்

காவல் சொந்த உடம்பைத் தாக்கும் நோய்கள் இன்னும் பல உண்டு. இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்பார்கள். விரல் மூட்டுகள் வீங்கிக் கோணும் முடக்குவாதம் அதில் ஒன்று. சில சிறு பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் இன்னொன்று. தோலில் வரும் வெண்புள்ளியும் இந்த வகைதான். வெண்புள்ளி குஷ்டம் அல்ல. தொட்டால் ஒட்டாது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இந்த நோய்கள் யாருடைய பாவத்தாலும் வருவதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. சளி, இருமலோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் தானாகவே சரியாகும். இருமல் இல்லாமல், திடீரென்று தொண்டை வலி, காய்ச்சல், விழுங்க முடியாமை, கழுத்தில் நெறி வந்தால் பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். 9 நாளுக்குள் சரியான மருந்து தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம்.

2. டாக்டர் 10 நாள் மாத்திரை கொடுத்தால் 10 நாளும் கொடுங்கள். இரண்டு நாளில் வலி நின்றாலும் நிறுத்தாதீர்கள்.

3. ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு வலி மாறி மாறிப் போனால் 'வளர்ற வலி' என்று விடாதீர்கள்.

4. மூட்டு வலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கித் தின்னாதீர்கள். சில மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது காவலையே அடக்கிவிடும். டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், சொல்லாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

5. பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஊசியை ஆஸ்பத்திரியில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. பிள்ளைகளுக்கு எல்லாத் தடுப்பூசிகளையும் காலத்தில் போடுங்கள்.

அட்டையின் பின்பக்கம்

மறுநாள் மாலை அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை ஊசி விட்டுப்போச்சு கண்ணு?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து எண்ணினோம். ஐந்து ஊசி.

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு போனார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒரு வால்வில் சிறிய கசிவு இருந்தது. இனி ஊசி தவறாமல் போட்டால் அது கூடாமல் இருக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். அன்றே ஊசியும் போட்டார்கள்.

திரும்பி வந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நான் பேனாவை அவரிடமே கொடுத்தேன். 'ஊசி. 21 நாள்' என்று அவரே எழுதினார். 21 நாளை எப்படி எண்ணுவது என்று நான் சொல்லத் தொடங்கினேன்.

"அதுக்கு எதுக்குக் கண்ணு கணக்கு? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. மூணு செவ்வாய் கழிஞ்சா ஊசி. சந்தைக்குச் சந்தை எண்ற மாதிரிதானே?"

சரிதான். 21 நாள் என்றால் மூன்று வாரம். எந்தக் கிழமையில் போட்டோமோ, அதே கிழமையில் அடுத்த ஊசி வரும். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பேசுவோம்

1. நெறி கட்டுவது ஏன்?
2. ருமாட்டிக் காய்ச்சலில் உடம்பின் காவல் செய்யும் தவறு என்ன?
3. மூட்டு வலி போன பிறகும் ஊசி ஏன் போட வேண்டும்?
4. உங்கள் தெருவில் வெண்புள்ளி உள்ளவர்களை எப்படி நடத்துகிறார்கள்?

செய்வோம்

1. ஜனவரி 3 அன்று ஊசி போட்டால் அடுத்த ஊசி ஜனவரி 24. அதற்கு அடுத்தது பிப்ரவரி 14. அதற்கும் அடுத்த ஊசி எந்தத் தேதியில்? காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.
2. உங்கள் வீட்டில் உள்ள ஆஸ்பத்திரி அட்டைகளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அடுத்து எப்போது போக வேண்டும் என்பதைப் படித்துப் பாருங்கள். வேறு மொழியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு, பின்பக்கத்தில் உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.