குழந்தைகள் உள்ள வீட்டிற்கு ஏற்ற நாய்

நாய் நன்றியுள்ள பிராணி என்று தொடக்கப் பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். ஆனால், எல்லா நாயும் எல்லா வீட்டிற்கும் பொருந்துவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள இல்லத்திற்கு நாயைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, அதன் அழகையும் இனப்பெயரையும் விட அதன் குணத்தையே முதலில் நோக்குதல் வேண்டும்.

முதலில் நம் வீட்டை ஆராய்வோம்

பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்ற பின்னர் நாய்க்கு உணவும் நீரும் வைப்பவர் யார்? 6 வயதுப் பிள்ளையிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தல் தகாது. நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. நாளை தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ குடிபெயர நேர்ந்தால் அதன் கதி என்ன? கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறியபொழுது, அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றோர் நாய்களை விட்டுச் சென்றதுண்டு. அவை தெருநாய்களாகித் திரிந்தன. எனவே, நாய் வளர்க்க அனுமதி உண்டா என்று தோட்ட நிர்வாகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் முன்னரே கேட்டறிந்து, உரிமமும் பெறுதல் நலம்.

தேர்ந்தெடுக்கும் முறை

அடர்ந்த உரோமமுடைய குளிர்நாட்டு நாய்கள் நமது வெப்பத்தில் துன்புறும். இங்கேயே பிறந்து வளர்ந்த சாதாரண நாட்டு நாய் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. குட்டியானால், பிறந்து 8 வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. இயன்றால் தாயையும் காண்க. சாந்தமான தாயின் குட்டிகளிடம் சாந்தத்தை எதிர்பார்க்கலாம். தரையில் அமைதியாக அமர்ந்து கவனியுங்கள். மூலையில் பதுங்கி நடுங்கும் குட்டியும், தொட்டதும் சீறிக் கடிக்கும் குட்டியும் குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல. வாலையாட்டித் தானே அருகில் வந்து, காதையும் காலையும் தொட இடங்கொடுக்கும் குட்டியே சிறந்தது.

வளர்ந்த நாயின் குணம் முன்னரே வெளிப்பட்டிருக்கும். ஆதலின் அதையும் ஒதுக்கிவிட வேண்டாம். 1958 ஆம் ஆண்டில் தோன்றிய சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்புகள், கைவிடப்பட்ட நாய்களுக்குப் புகலிடம் தேடித் தருகின்றன. அத்தகைய இடத்திற்குக் குழந்தைகளையும் அழைத்துச் சென்று, அவர்களிடம் நாய் பழகும் விதத்தைக் கண்ட பின்னரே முடிவு செய்க.

நலமும் பாதுகாப்பும்

நாயின் மலத்திலுள்ள கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும், செருப்பின்றி மண்ணில் விளையாடும் குழந்தைகளைத் தாக்கக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழு மருந்தும் தடுப்பூசிகளும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். நாய் உடலை விறைத்து நின்றாலும் உறுமினாலும், 'என்னை விட்டுவிடு' என்பதே அதன் பொருள். எவ்வளவு சாதுவான நாயானாலும் சிறு குழந்தையை அதனுடன் தனியே விடாதீர்கள்.

2017 ஆம் ஆண்டில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் வெறிநாய்க்கடி நோய் பரவியபொழுது, முதலில் உயிரிழந்தோர் சிறுவர்களே. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. ஆனால் உடனடிச் சிகிச்சையால் அதைத் தடுக்க முடியும். நாய் கடித்தாலோ கீறினாலோ, மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாமல், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க. அடிக்குப் பயந்து பிள்ளைகள் சிறு காயத்தை மறைப்பதுண்டு. 'நாய் தீண்டினால் உடனே சொல். உன்னை அடிக்கமாட்டோம்' என்று இன்றே அவர்களிடம் கூறிவையுங்கள்.

நாய் விளையாட்டுப் பொருளன்று. வீட்டில் சேரும் மற்றோர் உயிர். ஆராய்ந்து தேர்ந்தெடுத்தால், அது பிள்ளைகளுக்கு நல்ல துணையாய் விளங்கும்.