பொருளின் தோற்றத்திற்குச் சட்டப் பாதுகாப்பு

ஒரு பட்டறையில் புதுவகைக் குளிர்நீர்க் கூஜா உருவாகிறது என்று வைத்துக்கொள்க. நீரின் குளிர்ச்சியைக் காக்கும் இரட்டைச் சுவரின் அமைப்பு புதிதாயின், அது பேட்டண்டு எனப்படும் காப்புரிமைக்கு உரியது. மூடியில் பொறிக்கும் பெயர் வணிகக் குறியின்பாற்படும். கூஜாவின் இடுப்பு வளைவு, உடலில் ஓடும் வரிகள், நிறங்களின் அமைதி ஆகியவற்றால் கண்ணுக்குப் புலனாகும் தோற்றமே ‘வடிவமைப்பு’ ஆகும். அமெரிக்காவில் இதற்கும் பேட்டண்டு என்றே பெயர். கோக்கோ கோலாவின் வளைவுப் புட்டிக்கு முதல் மாதிரி 1915 நவம்பர் 16-இல் அவ்வுரிமையையே பெற்றது. இந்தியாவில் இது பதிவு எனப்படும்.

இப்பதிவை ஆள்வது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். 1911-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, 2001 மே 11 முதல் இது நடைமுறைக்கு வந்தது. பதிவின் காலம் 10 ஆண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

வடிவமைப்பு புதியதாக இருத்தல் வேண்டும் என்பதே சட்டத்தின் முதல் நிபந்தனை. கைவினைஞர் பெரிதும் இழப்பது இவ்விடத்திலேதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அவ்வடிவம் உலகில் எங்கேனும் அச்சாலோ, பயன்பாட்டாலோ, வேறு வகையாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்டிருந்தால் அது புதியதன்று. வெளிப்படுத்தியவர் அதனைப் படைத்தவரே ஆயினும் முடிவு மாறாது. முதலில் சந்தையில் விலைபோகிறதா என்று பார்த்து, பின்னர்ப் பதிவுக்குச் செலவிடலாம் என்று பலர் எண்ணுவர். எண்ணம் இயல்பானதே, ஆனால் அந்த முதல் விற்பனையே உரிமையை அழித்துவிடுகிறது. அரசு அறிவிக்கையில் இடம்பெற்ற கண்காட்சிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: கட்டுப்பாட்டாளருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, பொருளை முதலில் காட்டிய நாளிலிருந்து 6 மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஊர்த் திருவிழாக் கடைகளுக்கு இவ்விலக்கு இல்லை. எனவே களப்பணியாளர் ஒரு புதிய மாதிரியைக் காணும்பொழுது, ‘இது முன்னரே வெளியில் காட்டப்பட்டதா?’ என்பதையே முதலில் கேட்டல் தகும்.

புதுமை என்பது குறிப்பிட்ட பொருளைச் சார்ந்தது. கண்ணாடித் தகட்டின் அலங்கார வடிவம் ஒன்றைப்பற்றி 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவாக்கும். அவ்வடிவம் செதுக்கிய உருளைகள் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்தவை. ஆகவே வடிவம் புதியதன்று என்று எதிர்த்தரப்பு வாதித்தது. உருளையில் இருந்த வடிவம் கண்ணாடித் தகட்டின்மேல் அதற்குமுன் இடப்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கொண்டு, நீதிமன்றம் பதிவை நிலைநிறுத்தியது.

வரைபடத்திற்குப் பதிப்புரிமை இருப்பதால் பதிவு வேண்டா என்று கருதுவதும் பிழை. பதிவுக்குரிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் தரும் காப்பும் ஒழிந்துபோகும்.

விண்ணப்பங்களை ஆராய்வது கொல்கத்தாவிலுள்ள வடிவமைப்பு அலுவலகம். சென்னை, மும்பை, தில்லி அலுவலகங்களிலும் அவற்றை அளிக்கலாம். பொருளைப் பல கோணங்களில் காட்டும் படங்களும், புதுமை எதில் உள்ளது என்னும் சிறு கூற்றும் உடன் வேண்டும். போலி செய்தவரிடமிருந்து ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை பெறலாம். ஒரு வடிவத்திற்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேற்படாது. அன்றேல் இழப்பீடும் தடையாணையும் கோரி வழக்கிடலாம். தொகை சிறிதாதலால் தடையாணையே பெரும்பாலும் பயன்தரும். பதிவு பெற்ற பின்னர், விற்பனைக்கு அனுப்பும் பொருள் ஒவ்வொன்றிலும் பதிவுக் குறியை இடுதல் வேண்டும். குறியிடத் தவறியவர் பணம் பெறுவது கடினமாகும்.